எல்லைக்கு அப்பால் ஒரு வகுப்பறை: நெல்லைப் பள்ளிகளுக்கான கடித நட்பு வழிகாட்டி

முதல் கடிதத்தில் ‘சமாதானம்’ என்ற சொல்லே வரக்கூடாது. பாகிஸ்தான் பள்ளி ஒன்றோடு கடித நட்பு தொடங்க நினைக்கும் ஆசிரியர்கள் இதைக் கேட்டதும் திகைப்பார்கள். காரணம் எளிது. சமாதானத்தைப் பற்றி எழுதச் சொன்னால் இருபது பிள்ளைகளும் ஒரே கடிதத்தைத்தான் எழுதுவார்கள். போர் வேண்டாம், அன்பு வேண்டும், நாமெல்லாம் சகோதரர்கள் என்று முடித்துவிடுவார்கள். படிக்கிற பிள்ளைக்குப் பதில் எழுத அதில் ஒன்றும் இருக்காது. ‘எங்க ஆச்சி அல்வாவுக்குக் கோதுமையை முந்தின ராத்திரியே ஊறப் போட்டிருவா, ஆட்டிப் பால் எடுக்கிறது என் வேலை’ என்று ஒருத்தி எழுதினால், அந்தப் பக்கத்துப் பிள்ளைக்குக் கேட்க நாலு கேள்வி பிறக்கும். நட்பு அந்தக் கேள்வியில்தான் வேர் பிடிக்கிறது.

கீழே உள்ளவை திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி வட்டாரங்களில் முதன்முறையாக இதில் இறங்கும் ஆசிரியர்களுக்கானவை.

எவ்வளவு பெரிதாகத் தொடங்கலாம்

ஒரு வகுப்பு போதும். எட்டாம் வகுப்பு அல்லது ஒன்பதாம் வகுப்பு, இருபது பிள்ளைகள், இரண்டு பக்கமும் ஒரு பொறுப்பாசிரியர், அவருக்கு ஒரு துணை. ஆண்டுக்கு நான்கு கடிதங்கள், இரண்டு காணொளிச் சந்திப்புகள். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தில் நாலு வரி எழுதுவதே பாரமாக இருக்கும். பத்தாம் வகுப்பில் பொதுத்தேர்வு வந்து எல்லாவற்றையும் விழுங்கிவிடும். இருபதுக்கு மேல் போகாதீர்கள். போகிற கடிதம், வருகிற கடிதம் என ஒரு சுற்றுக்கு நாற்பது கடிதங்களை ஒரே ஆசிரியர் வரிவரியாகப் படித்தாக வேண்டும். பள்ளி முழுவதையும் சேர்த்து ஆரவாரமாகத் தொடங்கும் திட்டங்கள் இரண்டாம் சுற்றிலேயே நின்றுபோவது, படிக்காத கடிதங்கள் மேசையில் குவிவதால்தான்.

எதிர்ப்பக்கத்து ஆசிரியரைக் கண்டுபிடிப்பது

நம் பக்கத்தில் பலர் யோசிக்காத ஒரு வாசல் திறந்தே இருக்கிறது. மேலப்பாளையம், ஏர்வாடி, கடையநல்லூர் என்று ஊர் ஊராக நம்மவர்கள் வளைகுடா நாடுகளில் வேலை பார்க்கிறார்கள். அங்கே அவர்களோடு ஒரே தளத்தில் வேலை செய்து, ஒரே அடுப்பில் சமைப்பவர்களில் பாகிஸ்தானியர்கள் ஏராளம். அப்படி ஒரு பெற்றோரிடம், ‘உங்கள் நண்பர் வீட்டில் யாராவது ஆசிரியராக இருக்கிறார்களா?’ என்று கேட்டுப் பாருங்கள். இப்படி வரும் அறிமுகத்தில் இரண்டு பக்கமும் தெரிந்த ஒரு மனிதர் நடுவில் நிற்பார். அந்த நம்பிக்கையை வேறு எதுவும் ஈடு செய்யாது.

அப்படி யாரும் அமையாவிட்டால் அமைப்புகளை அணுகலாம். 1994-இல் தொடங்கிய பாகிஸ்தான்–இந்திய மக்கள் மன்றம் இரு நாட்டுக் குடிமக்களையும் சேர்த்து மாநாடுகள் நடத்தி வந்திருக்கிறது. ‘ஆகாஸ்-எ-தோஸ்தி’ குழு மாணவர்களின் கடிதங்கள், ஓவிய நாள்காட்டி, வகுப்பறை உரையாடல்கள் ஆகியவற்றுக்கே பெயர் பெற்றது. 1988-இல் தோன்றிய ஐ-ஏர்ன் என்ற பன்னாட்டுப் பள்ளி வலையமைப்பிலும் இரு நாட்டு ஆசிரியர்களும் இருக்கிறார்கள்.

முகநூலிலோ இன்ஸ்டாகிராமிலோ தானாக வந்து நட்புக் கேட்கும் ‘ஆசிரியரை’ ஏற்கவே வேண்டாம். பாதுகாப்பு நிலையங்களின் படங்களைக் கறக்க இப்படிப் போலிக் கணக்குகள் பயன்படுத்தப்பட்டு, சிக்கியவர்கள் கைதான வழக்குகள் உண்டு. எதிர்ப்பக்கத்துப் பள்ளித் தலைவர் கையெழுத்திட்ட கடிதம், பள்ளியின் அதிகாரபூர்வ மின்னஞ்சல், ஆசிரியரோடு முகம் பார்த்து மூன்று முறை பேச்சு ஆகிய மூன்றும் முடிந்த பிறகுதான் பிள்ளைகளைக் கொண்டு வர வேண்டும். மூன்று முறை பேசச் சொல்வதில் காரணம் உண்டு. முதல் பேச்சு மரியாதையிலேயே கழிந்துவிடும். இரண்டாவதில் வேலை விவரம் வரும். மூன்றாவதில்தான் ‘எங்கள் நிர்வாகம் இதை விரும்பாது’ என்ற உண்மை வெளியே வரும்.

அனுமதியும் தகவலும்

அரசுப் பள்ளியென்றால் தலைமையாசிரியர் வழியாக முதன்மைக் கல்வி அலுவலருக்கு எழுதி, எழுத்தில் அனுமதி வாங்குங்கள். உதவி பெறும் பள்ளியென்றால் நிர்வாகத்தின் ஒப்புதலும் வேண்டும். வாய்மொழியாக ‘செய்ங்க சார்’ என்பது அனுமதி ஆகாது. சிக்கல் வரும் நாளில் அதைச் சொன்னவருக்கே நினைவிருக்காது.

பெற்றோர் ஒப்புதல் படிவம் தமிழில், ஒரு பக்கத்துக்குள் இருக்கட்டும். எந்த நாட்டுப் பள்ளி, எத்தனை கடிதம், பிள்ளையின் எந்த விவரம் போகும், எது போகாது, எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்ற ஐந்தும் அதில் இருக்க வேண்டும். படிவத்தைப் பையில் வைத்து அனுப்பாமல் பெற்றோரைக் கூப்பிட்டு உட்கார்ந்து பேசுங்கள். பயப்படும் பெற்றோரை வற்புறுத்தவும் கூடாது, பிள்ளை முன்னால் அவர்களைக் குறை சொல்லவும் கூடாது. அந்தப் பிள்ளைக்கு ஓவியம், உறை வடிவமைப்பு என்று உள்ளூர் வேலை கொடுத்தால் ஒதுக்கப்பட்டதாக உணராது.

உள்ளூர்க் காவல் நிலையத்திலும் ஒரு தகவல் கடிதம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான ரசீது வாங்கி வையுங்கள். மறைவாக எதுவும் நடக்கவில்லை என்பதற்கு அது பதிவு.

பணம், பரிசுப்பொருள், புத்தகப் பெட்டி எதுவும் அங்கிருந்து வாங்காதீர்கள். பதிவோ முன் அனுமதியோ இல்லாத அமைப்பு வெளிநாட்டிலிருந்து நன்கொடை பெறுவதை 2010-ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் தடுக்கிறது. பொருளும் நன்கொடைக் கணக்கில் சேரும். இந்தத் திட்டத்துக்குத் தாளும் ஒரு கைப்பேசியும் போதும்.

நம் மாவட்டத்துக்கே உரிய எச்சரிக்கை

இதை யாரும் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. திருநெல்வேலி மாவட்டத்துக்குள்ளேயே கூடங்குளம் அணுமின் நிலையம், மகேந்திரகிரியில் இஸ்ரோவின் உந்துவிசை வளாகம், விஜயநாராயணத்தில் கடற்படையின் ஐ.என்.எஸ். கட்டபொம்மன் தகவல் தொடர்பு நிலையம் ஆகிய மூன்றும் இருக்கின்றன. ராதாபுரம், நாங்குநேரி பக்கத்துப் பிள்ளைகளுக்கு இவை தினமும் கண்ணில் படும் இடங்கள். அப்பா வேலை பார்க்கும் இடம் என்று பெருமையாக எழுதிவிடுவார்கள். கடற்கரையில் எடுத்த குடும்பப் படத்தின் பின்னணியில் அணுஉலைக் கட்டடம் தெரியும். ஆகவே இந்த மூன்று இடங்களின் பெயர், படம், ஓவியம், அங்கே வேலை பார்ப்பவர் பற்றிய வரி எதுவும் போகக் கூடாது. பிள்ளையைத் திட்டாமல் காரணத்தைச் சொன்னால் புரிந்துகொள்ளும்.

கைப்பேசியில் எடுக்கும் படத்துக்குள் இடக்குறிப்பு ஒளிந்திருக்கலாம். கேமரா அமைப்பில் இடம் பதிவதை அணைத்துவிடுங்கள். கடிதங்களை ஸ்கேன் செயலியில் எடுத்து, ஒரே பி.டி.எஃப். கோப்பாக்கி அனுப்புங்கள். பிள்ளையின் முதல் பெயரும் வகுப்பும் போதும். வீட்டு முகவரி, கைப்பேசி எண், முகம் தெரியும் தனிப்படம் வேண்டாம்.

நாட்டு வரைபடம் வரைய விடாதீர்கள். இந்திய நில அளவைத் துறையின் படத்துக்கு மாறான இந்திய வரைபடத்தை வெளியிடுவது 1961-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். பாகிஸ்தான் அரசோ 2020 ஆகஸ்டில் தன் கணக்குப்படி ஒரு வரைபடம் வெளியிட்டிருக்கிறது. இரு பக்கப் பிள்ளைகளும் அவரவர் பாடப் புத்தகத்தைப் பார்த்து வரைந்தாலே சண்டை தொடங்கிவிடும். தாமிரபரணி பொதிகையில் தொடங்கிப் புன்னக்காயலில் கடலில் சேர்வதை வரையட்டும். அதுவே அழகான படம். கொடிகளும் வேண்டாம். கொடியைத் தப்பாக வரைந்தாலோ, அந்தத் தாள் தரையில் கிடந்தாலோ, கடிதத்தை எல்லோரும் மறந்துவிடுவார்கள்.

கடிதம் எப்படிப் போகும்

2025 ஏப்ரலில் அட்டாரி சோதனைச் சாவடி மூடப்பட்டது. மே 3-ஆம் தேதி, பாகிஸ்தானிலிருந்து வரும் எல்லா வகை அஞ்சலையும் இந்தியா நிறுத்தியது. தபாலை நம்பித் திட்டம் போடாதீர்கள். நடப்பு ஆணை என்னவென்று பாளையங்கோட்டைத் தலைமை அஞ்சலகத்தில் கேட்டுக்கொள்ளலாம்.

ஆனாலும் கையால் எழுதுவதை விட்டுவிடக் கூடாது. தட்டச்சு செய்த கடிதத்தில் பிள்ளையின் கை இருக்காது. கோடு போட்ட ஏ4 தாளில், ஒரு பக்கம் மட்டும், நீல அல்லது கறுப்பு மையில் எழுதச் சொல்லுங்கள். பென்சில் ஸ்கேனில் மங்கும். ஸ்கேன் கோப்பு மின்னஞ்சலில் போய், அங்கே அச்செடுத்து, அந்தந்தப் பிள்ளை கையில் கொடுக்கப்பட வேண்டும். இந்தக் கடைசிப் படியை எதிர்ப்பக்கத்து ஆசிரியரிடம் முன்னமே உறுதி செய்துகொள்ளுங்கள். திரையில் காட்டிவிட்டு மூடினால் கடிதம் யாருக்கும் சொந்தமாவதில்லை. அச்செடுத்த தாளைப் பிள்ளை வீட்டுக்குக் கொண்டுபோகும், அம்மாவிடம் காட்டும்.

மொழி

பிள்ளை முதலில் தமிழில் எழுதட்டும், அரைப் பக்கம். பிறகு மறு பாதியில் ஆங்கிலத்தில் அதையே சுருக்கி எழுதட்டும். இரண்டும் சேர்ந்தே போக வேண்டும். தமிழ் எழுத்தை முதன்முறை பார்ப்பதே அங்குள்ள பிள்ளைக்கு ஒரு செய்தி. அவர்கள் உருதுவும் ஆங்கிலமுமாக அனுப்புவார்கள். ஆங்கிலத்தில் பிழை இருந்தால் பொருள் மாறாதவரை விட்டுவிடுங்கள். ஆசிரியர் திருத்திய இருபது கடிதங்களும் ஆசிரியர் எழுதியவை போலவே இருக்கும்.

பெயர் எழுதிப் பழகுவது நல்ல முதல் விளையாட்டு. உருது வலமிருந்து இடமாக எழுதப்படுவது. குறில் உயிர்களை வழக்கமாக எழுத்தில் காட்டுவதில்லை. அதனால் ‘முருகன்’ என்ற பெயரை அங்கே மரகன், மிருகன் என்றெல்லாம் படித்துவிடலாம். நம் ‘ழ’வுக்கு அங்கே எழுத்தில்லை. நம்மிடமோ ‘க’ ஒன்றே நாலு ஒலிக்கு நிற்கும். ‘குல்’ என்று எழுதினால் பூ என்று பொருள்படும் பெயரின் மெல்லிய முதல் ஒலி வராது. இரண்டு எழுத்துமுறைக்கும் எட்டாத ஒலிகள் உண்டு என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும்.

நான்கு கடிதங்கள்

முதல் கடிதம் சாப்பாடு. நெல்லை அல்வா கோதுமைப் பாலில் ஆவது, முல்தான் நகரத்தின் பேர்பெற்ற சோஹன் அல்வாவும் கோதுமையில்தான் ஆகிறது. நாம் சம்பா கோதுமையை ஊறவைத்து, ஆட்டி, பாலெடுத்து, சர்க்கரையும் நெய்யும் விட்டுக் கிண்டுகிறோம். அவர்கள் முளைகட்டிய கோதுமையைக் காயவைத்து மாவாக்கி, பாலும் சர்க்கரையும் நெய்யும் சேர்த்துக் காய்ச்சிக் கெட்டியாக இறுக்குகிறார்கள். நம்முடையது தொண்டையில் வழுக்கும், அவர்களுடையது பல்லில் நொறுங்கும். இந்த ஒரு பொருளே முழுச் சுற்றுக்குப் போதும். ‘எங்களுடையதே உசத்தி’ என்ற சண்டையும் வரும். வரட்டும், இந்தச் சண்டை நல்லது.

இரண்டாவது உறவுமுறை. இங்கேதான் இரு மொழியும் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொள்ளும். ஆங்கிலத்தில் ‘அங்கிள்’ என்று எழுதியதும் எல்லோரும் ஒரே ஆளாகிவிடுகிறார்கள். உருதுவிலோ அப்பாவின் அண்ணன் தாயா, தம்பி சச்சா. நமக்குப் பெரியப்பா, சித்தப்பா. அம்மாவின் சகோதரர் அவர்களுக்கு மாமூ, நமக்கு மாமா. அப்பாவின் சகோதரி ஃபுப்பி, நமக்கு அத்தை. அம்மாவின் சகோதரி அவர்களுக்கு ‘காலா’ என்ற ஒரே சொல்லில் அடங்குவார், நாம் பெரியம்மா, சித்தி என்று பிரிப்போம். ஆச்சி, மதினி, அத்தான், வாப்பா, உம்மா என்று வகுப்பில் வீட்டுக்கு வீடு மாறும் சொற்களையும் சேர்த்துக் குடும்ப மரம் வரையச் சொல்லுங்கள். கணினி மொழிபெயர்ப்பில் இதைத் தரக் கூடாது. அது இடையில் ஆங்கிலத்தைப் புகுத்தி எல்லோரையும் ‘அங்கிள்’ ஆக்கிவிடலாம்.

மூன்றாவது சொல் வேட்டை. பிள்ளைகள் தாலுகா அலுவலகம், கிராம நிர்வாக அலுவலகம், பத்திரிகைச் செய்தி ஆகியவற்றிலிருந்து தாசில்தார், வசூல், பாக்கி, ரசீது, ஜாமீன், வக்கீல், கைதி, அசல், நகல், ரத்து, தயார் போன்ற சொற்களைச் சேர்த்து வரட்டும். இவை அங்கேயும் நாளும் புழங்குபவை. பொருள் சற்று நகர்ந்திருக்கும் இடங்கள் இன்னும் சுவை. நமக்கு ‘நகல்’ என்றால் படி எடுத்த தாள். அங்கே தேர்வில் பார்த்து எழுதுவதற்கும் அதே சொல். இதைத் தெரிந்துகொண்ட எட்டாம் வகுப்புப் பிள்ளை அதை மறக்கவே மறக்காது. நேரம் இருந்தால் மொகஞ்சதாரோவைச் சேர்க்கலாம். நம் பாடப் புத்தகத்தில் உள்ள அந்த ஊர் இருப்பது சிந்து மாகாணத்தின் லர்கானா மாவட்டத்தில். பதிலுக்கு நாம் ஆதிச்சநல்லூரையும் சிவகளையையும் பற்றி, அங்கே கிடைத்த தாழிகளைப் பற்றி எழுதலாம்.

நான்காவது கடிதத்தில் பிள்ளை தன் மனத்திலிருக்கும் ஒரு கேள்வியைக் கேட்கலாம். எந்தக் கேள்வியும் கேட்கலாம். அதற்குள் மூன்று கடிதம் பழகியிருப்பதால் கேள்வியின் தொனியே வேறாக இருக்கும்.

கஷ்டமான கேள்விகள்

‘உங்களுக்கு எங்களைப் பிடிக்காதா?’ என்று நிச்சயம் வரும். காஷ்மீரும் வரும். 2025 ஏப்ரலில் இந்தியா நிறுத்தி வைத்த 1960-ஆம் ஆண்டின் சிந்து நதிநீர் ஒப்பந்தமும் வரலாம். ஆசிரியர் பிள்ளைக்காகப் பதில் எழுதக் கூடாது. வகுப்பில் ஒரு பாடவேளை ஒதுக்கிப் பேசுங்கள். தெரிந்தது, கேள்விப்பட்டது, நினைப்பது என்று மூன்றாகப் பலகையில் பிரித்து எழுதுங்கள். பதில் கடிதம் ‘நான் நினைக்கிறேன்’ என்று தொடங்கட்டும். ‘நாங்கள் இந்தியர்கள் நினைக்கிறோம்’ என்று ஒரு பிள்ளை நூற்று நாற்பது கோடிப் பேருக்காகப் பேச வேண்டாம்.

பிரிவினை பற்றி ஒரு வார்த்தை. 1947 நம் ஊர் வீடுகளில் பெரிய காயமாக இல்லை. பாகிஸ்தான் பஞ்சாபிலோ தாத்தாவோ பாட்டியோ எல்லாவற்றையும் விட்டு ஓடிவந்த வீடுகள் நிறைய. நம் பிள்ளை வெள்ளந்தியாக ‘நீங்க ஏன் பிரிஞ்சு போனீங்க?’ என்று கேட்கும் கேள்வி அங்கே ஆறாத ஒன்றைத் தொடும். கேட்கக் கூடாது என்பதில்லை. ‘உங்கள் தாத்தா எந்த ஊரில் பிறந்தார்?’ என்று கேட்டால் அதே கதை அன்போடு வரும்.

கிரிக்கெட் பேச்சு தவிர்க்க முடியாதது, தவிர்க்கவும் வேண்டாம். 1999 ஜனவரி 31-ஆம் தேதி சேப்பாக்கத்தில் 271 ரன் இலக்கைத் துரத்திய இந்தியா, சச்சின் 136 அடித்தும், 12 ரன்னில் தோற்றது. அன்று சென்னைக் கூட்டம் எழுந்து நின்று பாகிஸ்தான் அணிக்குக் கைதட்டியது, அந்த அணி மைதானத்தைச் சுற்றி வந்து நன்றி சொன்னது. இதை நம் பிள்ளைகளுக்கு முதலில் சொல்லிக் கொடுங்கள், அவர்களே எழுதுவார்கள். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் பாகிஸ்தானின் அர்ஷத் நதீம் ஈட்டியை 92.97 மீட்டர் எறிந்து தங்கம் வாங்கியபோது, வெள்ளி வாங்கிய நீரஜ் சோப்ராவின் தாயார் அவனும் நம் பிள்ளைதான் என்று சொன்னதையும் சேர்க்கலாம்.

எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்று. வகுப்பிலுள்ள முஸ்லிம் பிள்ளைகளைப் பார்த்து ‘நீ சொல்லு, உங்க ஆளுங்கதானே’ என்ற சொல் யார் வாயிலிருந்தும் வரக்கூடாது. விளையாட்டுக்குக்கூட. பாளையங்கோட்டையில் பிறந்த பிள்ளைக்கு முல்தான் அயல்நாடுதான், மற்ற எல்லோருக்கும் போலவே. நட்புக்காகத் தொடங்கிய வேலை நம் வகுப்பிலேயே ஒரு பிள்ளையை அந்நியமாக்கினால், அந்த வேலையை அன்றே நிறுத்திவிடுவது மேல். எதிர்ப்பக்கத்து ஆசிரியரிடமும் இதைச் சொல்லுங்கள். சிந்து மாகாணப் பள்ளிகளில் இந்துப் பிள்ளைகள் உண்டு. கராச்சியின் மதராசி பாராவில் தமிழ் பேசும் குடும்பங்களும் இருக்கின்றன.

காணொளிச் சந்திப்பு

இரண்டாம் கடிதம் முடிந்த பிறகு முதல் சந்திப்பு. பாகிஸ்தான் நேரம் நமக்கு அரை மணி பின்னால். நம் 11 மணி அவர்களுக்கு 10.30. வெள்ளிக்கிழமை வேண்டாம், அங்கே தொழுகைக்காகப் பள்ளி சீக்கிரம் முடியும். அவர்களிடம் மின்வெட்டு நேர அட்டவணையைக் கேளுங்கள். நம் பக்கம் மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாளைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஜூம் இலவசக் கணக்கில் 40 நிமிடத்தில் துண்டிக்கும், ஆகவே 35 நிமிடத்துக்குத் திட்டமிடுங்கள்.

பக்கத்துக்கு ஆறு பிள்ளைகள் பேசினால் போதும். மற்றவர்கள் கை உயர்த்திக் கேள்வி கேட்கலாம். ஒலிவாங்கி ஒன்றுதான், பேசுகிற பிள்ளை அதன் முன்னால் வந்து நிற்க வேண்டும். இருபது பேரும் இருந்த இடத்திலிருந்து கத்தினால் அந்தப் பக்கம் இரைச்சல் மட்டுமே கேட்கும். ஒவ்வொரு பிள்ளையும் ஒரு பொருளைக் கொண்டு வரட்டும். பத்தமடைப் பாயின் ஒரு துண்டு, காருக்குறிச்சிச் சட்டி, பனையோலைக் கொட்டான். கையில் பொருள் இருந்தால் கூச்சம் போய்விடும். சந்திப்பைப் பதிவு செய்ய வேண்டாம், இணைய இணைப்பை ஆசிரியர்கள் மட்டுமே வைத்திருக்கட்டும்.

செப்டம்பர் முதல் நவம்பர் வரையும், பொங்கலுக்குப் பின் பிப்ரவரி வரையும் இரு பக்கமும் பள்ளி நடக்கும் காலம். நமக்கு மே விடுமுறை, அவர்களுக்கு ஜூன், ஜூலை. நோன்பு மாதம் ஆண்டுக்குப் பத்து, பதினோரு நாள் முன்னே நகர்வதால் ஒவ்வொரு ஆண்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பதற்றம் வரும்போது

2025 மே 7 முதல் 10 வரை இரு நாடுகளுக்கும் இடையே நடந்த மோதல் போல மீண்டும் ஒருநாள் நடக்கலாம். அன்று செய்ய வேண்டியதை இன்றே இரு ஆசிரியர்களும் பேசி எழுதி வையுங்கள். பிள்ளைகளின் கடிதப் போக்குவரத்து உடனே நிற்கும். சுவரில் ஒட்டிய கடிதங்களும் படங்களும் கோப்புக்குள் போகும். ஆசிரியருக்கு ஆசிரியர் ஒரே ஒரு குறிப்பு மட்டும்: ‘எல்லோரும் நலம்தானே? நாங்கள் நலம். பிள்ளைகள் உங்களைக் கேட்டார்கள். அமைதியானதும் எழுதுகிறோம்.’ அதில் யார் செய்தது சரி என்ற பேச்சு வேண்டாம். மறுபக்கத்தார் தம் அரசைக் கண்டிக்க வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். அவர்களுக்கு அது ஆபத்தாக முடியலாம். பதில் வராவிட்டால் கோபித்துக்கொள்ளவும் வேண்டாம்.

பத்திரிகைக்கோ உள்ளூர்த் தொலைக்காட்சிக்கோ முதல் ஆண்டில் சொல்லாதீர்கள். செய்தி வந்த மறுநாளே வாழ்த்தும் வசவும் சேர்ந்து வரும், பதில் சொல்லும் நிலைக்கு ஆளாகிறவர்கள் பதின்மூன்று வயதுப் பிள்ளைகள்.

ஆண்டு முடிவில் அனுமதிக் கடிதம், ஒப்புதல் படிவங்கள், காவல் நிலைய ரசீது, எல்லாக் கடிதங்களின் படி, எதிர்ப்பக்கத்து ஆசிரியரின் தொடர்பு ஆகியவற்றை ஒரே கோப்பில் கட்டி, பள்ளி அலுவலகத்தில் வையுங்கள். பொறுப்பாசிரியர் மாற்றலாகிப் போகும்போது, புதியவரைக் காணொளியில் மறுபக்கத்தாரிடம் அறிமுகம் செய்துவிட்டுத்தான் போக வேண்டும். ஜூனில் பள்ளி திறந்ததும் அந்தப் புதியவர் செய்ய வேண்டிய முதல் வேலை, அந்தப் பக்கத்துக்கு ஒரு நலம் விசாரிப்பு அனுப்புவது. அங்கே அப்போது விடுமுறை, பதில் ஆகஸ்டில்தான் வரும். அதுவரை காத்திருங்கள்.